வெறும் வயிற்றில் வரச் சொன்ன ஸ்கேன்

வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று நான் சொல்லத் தொடங்கியபோது, என் மாமியார் அதற்கு வாயு என்று பெயர் வைத்தார். கணவர் அந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை. போடி பஜாரில் கடையைத் திறக்கக் கிளம்பிவிட்டார். அழுது அடம்பிடித்த பிறகுதான் இருவருமாக என்னைத் தேனிக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் வீட்டுக்குத் தெரிந்த பட்டினி வீரபாண்டித் திருவிழா விரதம் ஒன்றுதான். அதில் சோறு மட்டும்தான் ஆகாது. கிளம்பும் நேரத்தில் மாமியார் ஒரு சொம்புப் பாலும் இரண்டு வாழைப்பழமும் கொண்டுவந்து நீட்டினார்.

"வேணாம் அத்தே, சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிருக்காக."

"பாலு என்ன சாப்பாட்டுல சேத்தியா? விரதத்துக்கே குடிக்கிறோம். அங்கன போயி மயங்கி விழுந்து எங்க மானத்த வாங்காத. குடி ஆத்தா."

நான் குடித்து முடிக்கும்வரை அவர் நகரவில்லை. ஸ்கேன் அறையில் சாப்பிட்டேனா என்று கேட்டதற்கு, "பச்சத்தண்ணி பல்லுல படல" என்று அவரே முந்திக்கொண்டார்.

டாக்டர் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, கருவியை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "பித்தப்பை சுருங்கியிருக்கு. வயித்துல ஏதாவது போனா இப்படித்தான் ஆகும், உள்ள இருக்கறது சரியாத் தெரியாது. இப்ப கல் எதுவும் தெரியல. இன்னொரு நாள் ஒண்ணுமே சாப்பிடாம வாங்க" என்றார். கணவர் காதில் "கல் தெரியல" மட்டும் விழுந்தது.

அன்றிலிருந்து வீட்டில் நான் நடிப்புக்காரி. வலியில் சுருண்டு படுத்தால், "மிஷின்லயே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாக. வேல பாக்கத்தான் வலிக்குது" என்று வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் சொல்வார். கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை.

ஒரு கல்யாணக் கறிவிருந்துக்கு மறுநாள் வாந்தி நிற்கவே இல்லை. தண்ணீர்கூடத் தங்காத வயிற்றோடு கிடந்த என்னைக் கணவர் திரும்ப அங்கேயே கொண்டுபோனார். இந்த முறை டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கறுப்பான பையின் அடியில் வெள்ளை வெள்ளையாகக் கற்கள், அவற்றின் பின்னால் நிழல். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கல் இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம் எந்தப் பெண்ணுக்கும் வர வேண்டாம்.

கணவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, படுத்திருந்த என்னைத் தாண்டி டாக்டரிடம் கேட்டார்:

"இது வலிக்குமா சார்?"