சுரங்க வாசலில் கழற்றிய செருப்பு

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மறதியும் வந்துவிட்டது. ஒன்று முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் இளைய மகள் அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மொண்டெல்லோவுக்கு மேலே உள்ள மலையில் ஒரு சுரங்கத்தைச் சுற்றிக் காட்டுவாள். இரண்டாவது உலக யுத்தத்தில் ஜேர்மன் படை, இத்தாலியில் நாங்கள் இருக்கும் இந்தத் தீவில் வந்து குந்தியிருந்தபோது பாறையைக் குடைந்து செய்ததாம். சம்பளம் இல்லை, ஆசைக்குச் செய்கிற வேலை. அவளும் ஒஸ்லோவில் இருக்கும் ஒருவரும் ஒருவரையொருவர் விரும்பிவிட்டார்கள். அவருடைய தாய் பெண் பார்க்கவென்று வந்து, சீசா என்ற பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் நான்கு நாள் இருந்தும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மகளுக்குச் சோறு இறங்கவில்லை. நான் அந்த அம்மாவுக்கு முன்னால் வாய் திறக்கப் பயந்து தேத்தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் அவராகவே, பெட்டையின் சுரங்கத்தைப் பார்ப்போம் என்றார்.

அங்கே ஏழெட்டு இத்தாலியர்கள் நின்றார்கள். மகள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, விளக்கம் சொன்னபடி முன்னால் போனாள். சுரங்க வாசலில் யாரோ இந்த ஊரைக் காக்கும் புனிதையின் சிலையை வைத்து மெழுகுதிரி கொளுத்தியிருந்தார்கள். அந்தப் புனிதையின் குகைக் கோயிலுக்குச் சைவக்காரராகிய நாங்களே வெறுங்காலோடு மலையேறுகிறவர்கள். மாப்பிள்ளையின் தாயையும் முதல்நாள் கூட்டிப்போயிருந்தேன். சிலையைக் கண்டதும் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, புதுச் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். இது கோயில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சம்பந்தியாக வரக்கூடியவர் வெறுங்காலில் நிற்க, நான் செருப்போடு நிற்பதா? நானும் கழற்றினேன்.

உள்ளே ஈரத்தில் கால் கூசியது. வெடிமருந்து வைத்த அறை, படை படுத்த இடம், பீரங்கி நீட்டிய துவாரம் என்று மகள் காட்டிக்கொண்டே போனாள். மாப்பிள்ளையின் தாய் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஊர்ச் சண்டையில் குண்டுக்கு ஒளிக்க வெட்டிய பதுங்குகுழியை நினைத்து என் காதுக்குள் சொன்னார்: "எங்கட வளவுப் பங்கர் இதைவிடத் திறம். பனங்குத்தி அடுக்கினது."

எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது. "எங்கடைக்குள்ளை அம்மியும் இருந்தது அக்கா. அம்மா அதை விட்டிட்டு இறங்கமாட்டா."

"அம்மியோ? ஆமிக்குச் சம்பல் அரைக்கவோ?"

இரண்டு பேருக்கும் சிரிப்புப் பிடித்துவிட்டது. வாயைப் பொத்தினால் மூக்கால் வந்தது. சுரங்கம் அதைப் பெருப்பித்துத் திருப்பித் தந்தது. பங்கருக்குள் இருந்த காலத்தில் நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

சுரங்கத்துக்கு இரண்டு வாய் என்று எங்களுக்குத் தெரியாது. மகள் சொல்லியிருப்பாள், இத்தாலிய மொழியில். மறுபக்கத்தால் வெளியே வந்து இரும்புக் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பியவள் எங்கள் காலைப் பார்த்தாள். மத்தியான வெயிலில் பாறை தோசைக்கல்லாகக் கொதித்தது. சுற்றிவர நாகதாளி முள். செருப்பு மலைக்கு அந்தப் பக்கம். நாங்கள் கோழி மாதிரிக் காலை மாற்றி மாற்றித் தூக்கினோம், சிரிப்பும் நிற்கவில்லை.

நாலு நாள் காட்டிய பணிவெல்லாம் மகளுக்குப் பறந்தது. "இதென்ன கோயிலே மாமி? ஆமி குடைஞ்ச பொந்து. அம்மாவுக்குத்தான் விசர் எண்டா நீங்களும் சேந்து ஆடுறியள். அந்த நிழலிலை இருங்கோ, அசையக் கூடாது."

அதுவரை அன்ரி என்று கூப்பிட்டவள் அவள். ஏசி முடிந்த பிறகுதான் அவளுக்கே விளங்கி முகம் வெளுத்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் தாய் சொன்ன இடத்தில் போய் இருந்தார். மகள் கதவைத் திறந்து தனியே சுரங்கத்துக்குள் ஓடி, இரண்டு சோடியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "இவர் செத்தாப் பிறகு எனக்கு ஏச வீட்டிலை ஒருதரும் இல்லை. மகனும் ஓம் அம்மா, ஓம் அம்மா எண்டபடி. ஏச ஒராள் வரட்டும் பிள்ளை. ஆவணியிலை நாள் பாப்பம்."

ஆவணியிலேயே கலியாணம் முடிந்தது.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. அன்று கூட வந்த வயதான இத்தாலியர் ஒருவர், சுரங்கத்தைத் தொடங்கியது தங்கள் படைதான், ஜேர்மன்காரர் பிறகு பெருப்பித்தவர்கள் என்று மகளோடு வாதாடினார். எது சரியென்று கேட்க ஒஸ்லோவுக்குப் போன் எடுத்தால், மாமியும் மருமகளும் ஒருவரையொருவர் ஏசுகிற சத்தத்தில் ஒன்றும் விளங்குவதில்லை. ஆகவே விஷயம் தெரிந்த யாராவது இதை ஒருமுறை சரிபார்த்து, பிழையிருந்தால் திருத்திவிடுங்கள்.