மூக்குச் சிவந்த விமானம்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு தொழில். ஒன்று ரயில் ஓட்டுவது. அதில் சம்பளம் வரும். இன்னொன்று, எப்போதோ முடிந்துபோன உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் ஓட்டிய சண்டை விமானங்களை ஒரு சாண் அகலத்தில் ஒட்டி, வர்ணம் பூசி, கண்ணாடி அலமாரியில் நிறுத்துவது; அதில் சம்பளம் போகும். முதல் தொழிலைப் பற்றி வாயே திறக்க மாட்டார். இரண்டாவதைப் பற்றித் தெரியாத்தனமாக யாராவது கேட்டுவிட்டால், அவர்கள் அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான்.

எங்கள் படுக்கையறையில் பாதி அவருடையது. ஜன்னலோரம் மேசை, மேசை மேல் விளக்கு, சாமணம், அரம், வர்ணப் புட்டிகள். பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். விமானம் துண்டு துண்டாக அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, அரத்தால் தேய்த்து, முதலில் விமானி உட்காரும் இடத்தைச் செய்வார். இருக்கை வார், கடிகார முகம், நெம்புகோல் எல்லாவற்றுக்கும் முடி போன்ற தூரிகையால் வர்ணம் வைப்பார். மேலே உடம்பை மூடி ஒட்டியதும் அதில் ஒன்றுகூட வெளியே தெரியாது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டால், எனக்குத் தெரியுமே என்பார். வீட்டில் குழாய் ஒழுகுவதும் அவருக்குத் தெரியும். அதற்கு மட்டும் கை வராது.

அந்த விமானங்கள் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. வாலில் ஒட்டுவதற்கென்று வரும், நாஜிகளின் அந்தக் கொக்கிச் சிலுவையை மட்டும் அவர் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிடுவார். "விமானம் என்ன பாவம் பண்ணுச்சு, ஓட்டினவனும் அனுப்பினவனும் பண்ணினது. ஆனா அந்தக் குறி நம்ம வீட்டுக்குள்ள வேணாம்" என்பார். சின்னத்தைக் கிழித்துவிட்டால் குணம் போய்விடுமா? தூசி தட்டுகிறபோது அத்தனை மூக்குகளும் என்னையே குறிபார்க்கிற மாதிரி இருக்கும். கொலைகாரக் கூட்டத்தை வீட்டில் வைத்துப் பெருக்கித் துடைக்கிறேன் என்று திட்டுவேன். அவர் சிரிப்பார்.

அவருடைய கர்வமெல்லாம் வர்ணத்தில். மேலே இரண்டு வகைச் சாம்பல், அடியில் வெளிர்நீலம், பக்கவாட்டில் கொசு கடித்த தடிப்பு மாதிரி புள்ளி புள்ளியாகப் பச்சைச் சாம்பல். இதெல்லாம் புட்டி மூடியிலேயே எண் போட்டு வரும். எண்ணைப் பார்த்து எடுத்து, காற்றால் வர்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் ஊற்றி அடித்தால் முடிந்தது. சிவப்பு மட்டும் அப்படி இல்லை. சில படைப்பிரிவுகள் விமானத்தின் மூக்குக் கூம்புக்கும் வால்பக்கப் பட்டைக்கும் சிவப்புப் பூசினார்களாம். கடைச் சிவப்பை அப்படியே வைத்தால் பொம்மை மாதிரி பளீரென்று நிற்கும் என்று, அதில் பச்சையைச் சொட்டு விடுவார். பச்சை பட்டால் சிவப்பு அடங்கும். எத்தனை சொட்டு என்பதற்குக் கணக்கு கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கலக்குவார். கண் போதும் என்றால் நிறுத்துவார்.

போன வருடம் இருமலில் ரத்தம் வந்தது. பரிசோதித்துவிட்டுக் காசநோய் என்றார்கள். இரண்டு மாதம் வீட்டில் கிடந்தார். வேலைக்குப் போகலாம் என்று சொன்ன பிறகும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். அதில் ஒரு மாத்திரை சிலருக்குக் கண்ணைத் தாக்கும், சிவப்பும் பச்சையும் குழம்பினால் அன்றைக்கே ஓடி வர வேண்டும், சீக்கிரம் நிறுத்தினால் பார்வை திரும்பிவிடும் என்று என் முன்னால்தான் சொன்னார். இவரும் பெரிதாகத் தலையை ஆட்டினார்.

பிறகுதான் அந்தப் போட்டி வந்தது. ஒரு பள்ளிக்கூட மண்டபம்; மேசை மேசையாக விமானம், பீரங்கி வண்டி, கப்பல். பூதக்கண்ணாடியும் கையுமாகச் சுற்றி வந்த நடுவர், இவருடைய விமானத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். இவர் டீ வாங்கப் போயிருந்தார், நான்தான் காவல். மற்றவர்களெல்லாம் சிவப்பைச் சிவப்பாகவே பூசியிருக்கிறார்கள், உங்கள் வீட்டுக்காரர் வெயிலிலும் மழையிலும் கிடந்து பழுப்பாகிப்போன சிவப்பை எப்படிக் காட்டியிருக்கிறார் பாருங்கள் என்று என்னிடம் உருகினார். பார்த்தேன். மூக்கு, காய்ந்த டீக்கறை நிறத்தில்தான் இருந்தது. வீட்டில் பார்த்தபோது, நிஜ விமானம் மாதிரி தெரிய இவர் எப்போதும் அப்பும் புகைக்கறை, எண்ணெய்க்கறையில் சேர்த்தி என்று விட்டுவிட்டேன். முதல் பரிசு கொடுத்தார்கள். பொய் சொல்வானேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மூக்கை எப்படிங்க அப்படிப் பழுப்பாக்கினீங்க என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பழுப்பா? அது நேத்து பூசின மாதிரி சிவப்பு. அந்த விமானம் களத்துக்கு வந்து ஒரு வாரங்கூட ஆகல. மூக்குல மட்டும் நான் அழுக்கே வைக்கல."

எனக்கு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. பஸ் அப்போது சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக நின்றுகொண்டிருந்தது. மறுநாள் காலையில் இந்த மனுஷன் ஒரு ரயில் நிறைய ஜனங்களை ஏற்றிக்கொண்டு போகப்போகிறார். பெட்டியின் மேல் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.

அவசரப்பட்டுப் பேசி அவமானப்படுத்திவிடக் கூடாது என்று கொஞ்ச நாள் கவனித்தேன். தக்காளி வாங்கி வரச் சொன்னால் பாதி காயாக வாங்கி வந்தார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். சிவப்புத் துண்டை எடுத்து வரச் சொன்னால், எந்தக் கொடியில் என்று இடத்தைக் கேட்டார். இதற்கு நடுவில் டிப்போ மேலாளர் அந்தப் பரிசு விமானத்தை ஆசையாகக் கேட்டாரென்று, பஞ்சு சுற்றிக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தார். யாரும் எதையும் சந்தேகப்படவில்லை. மெச்சிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துவிட்டு வருவதற்குள், அவர் மேசையிலேயே மூன்று தட்டில் மூன்று வர்ணம் ஊற்றி வைத்தேன். சிவப்பு, பச்சை, பழுப்பு. புட்டிகளை ஒளித்துவிட்டேன்.

"எது சிவப்பு? தொட்டுக் காட்டுங்க."

இதென்ன விளையாட்டு என்று சிரித்தார். சிரித்தபடியே விரலை நீட்டினார். விரல் இங்கும் அங்கும் போயிற்று. பிறகு பழுப்பில் வைத்தார். வைத்துவிட்டுத் தட்டைப் பார்க்கவில்லை, விடை என் முகத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. சில மாதமாகச் சிவப்பும் பச்சையும் ஒரே மங்கலாகிவிட்டதாம். கண்ணுக்குக் கண்ணாகத் துணை ஓட்டுநர் இருந்தான். சிக்னல் தெரிந்ததும் இருவரும் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. அவன் முதலில் சொல்லட்டும் என்று விட்டு, இவர் பின்பாட்டுப் பாடியிருக்கிறார். அதோடு, பெரும்பாலான சிக்னல்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி இடம் உண்டு. நிறம் தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் எரிகிறது என்பதை வைத்து ஓட்டிவிடலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் முடியாது. வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டைத் தாண்டி வரும் வளைவில் பழைய சிக்னல் ஒன்று; ஒற்றை விளக்கு. அதே கண்ணாடிதான் பச்சையாகும், அதே கண்ணாடிதான் சிவப்பாகும்.

"விமானம் பரவால்லையேன்னு பாத்தேன்" என்றார். "சிவப்பு சரியா வந்திருக்கு, பரிசே குடுத்துட்டாங்க, அப்ப கண்ணு திரும்பிடுச்சுன்னு நினைச்சேன்."

எனக்கு அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளா இவர்! அடுத்த நாள் திங்கட்கிழமை. அன்று முதல் துணை ஓட்டுநர் கிடையாது, தனி ஆள்தான் என்று டிப்போவில் உத்தரவு ஒட்டியிருந்தார்கள். அதை அவர்தான் போன வாரம் சாப்பிடும்போது சொன்னார், மழை வரும் என்று சொல்கிற மாதிரி.

மேலாளரிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் போவோம் என்றேன். மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள், இத்தனை வருடம் ஓட்டிவிட்டு டிக்கெட் எண்ணச் சொல்கிறாயா என்று கேட்டார். டிக்கெட் எண்ணினால் யாரும் சாக மாட்டார்கள் என்றேன். கடைசியில், காலையில் டிப்போவில் கையெழுத்துப் போடும்போது நானே சொல்லிவிடுகிறேன், நீ வாய் திறக்காதே என்றார். நம்பினேன். இருபது வருடம் கூட வாழ்ந்தவள் நம்பாமல் யார் நம்புவது?

காலையில் சீருடை போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. பாத்திரம் தேய்த்தேன், கை ஓடவில்லை. சொல்லியிருந்தால் இந்நேரம் திரும்பி வந்திருக்க வேண்டும். டிப்போவுக்கு போன் போட்டேன். எடுத்த குமாஸ்தா, அவரா, வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாரே, தனியாகத்தான் என்றான். அவன் குரலில் வாழ்த்துச் சொல்கிற தொனி. மேலாளரைக் கூப்பிடு என்றேன். நான் கத்திய கத்தலில் கூப்பிட்டான்.

என் வீட்டுக்காரருக்குச் சிவப்பு தெரியாது, வண்டியை நிறுத்துங்கள் என்றேன். மேலாளர் சிரித்தார்.

"என்னம்மா, காலையிலேயே சண்டையா? வீட்டுச் சண்டைய வண்டில ஏத்தாதீங்கம்மா. நல்ல ஆளு அவரு."

என் வாய்க்கு அன்று வேலை வந்தது. எத்தனையோ வீணாகப் பேசியிருக்கிறேன். அன்று ஒரு வார்த்தையும் வீணாக்கவில்லை.

"சார், உங்க மேசைல அவர் குடுத்த விமானம் இருக்கா?"

"இருக்கு."

"அதோட மூக்கு என்ன நிறம்?"

"பழுப்பு. வெளுத்துப்போன மாதிரி, ரொம்ப நல்லா..."

"அவரைப் பொறுத்தவரை அது சிவப்பு சார். புதுச் சிவப்பு. அப்படி நினைச்சுதான் பூசினார். வளைவுல ஒத்தை விளக்கு இருக்கே, அங்க என்ன பண்ணுவார்?"

மேலாளர் போனை வைக்கவில்லை, மேசையில் போட்டுவிட்டார். கண்ட்ரோலைக் கூப்பிடு, யார்டு ஸ்டேஷனிலேயே அவர் வண்டியை நிறுத்து, வேறு ஆளை ஏற்று என்று அவர் அலறுவது எனக்குக் கேட்டது. நாற்காலி விழுந்தது. காலடிகள் ஓடின. நிறுத்தினார்களா என்று சொல்ல யாரும் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அலமாரியின் முன் உட்கார்ந்திருந்ததுதான். வரிசையாக அத்தனை விமானங்களும் என்னைப் பார்த்தன. பழைய விமானங்களின் மூக்குகள் நல்ல சிவப்பு. இடமிருந்து வலமாக வர வர, சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வந்திருந்தது. இத்தனை நாள் வாராவாரம் துணி கொண்டு துடைத்திருக்கிறேன். ஒரு மனுஷனின் கண் போகிற வழி அங்கே அப்பட்டமாக நின்றிருக்கிறது.

சாயங்காலம் வந்தார். செருப்பைக் கழற்றினார். சாப்பாட்டு டப்பா திறக்கப்படவே இல்லை.

"நீதானே?"

"நான்தான்."

சண்டைக்கு நான் தயாராக இருந்தேன். அவர் சண்டை போடவில்லை. போய்த் தன் மேசை முன் உட்கார்ந்தார். விளக்கைப் போடவில்லை. என்னைப் பார்க்காமலே பேசினார்.

"யார்டுலயே இறக்கிட்டாங்க. வேற ஆள் ஏறினான். நான் பின் பெட்டில ஜன்னலோரமா உக்காந்தேன், உன்னைத் திட்டிக்கிட்டே. வளைவுல வண்டி நின்னுச்சு. எட்டிப் பாத்தேன், ஒத்தை விளக்கு நல்லாத் தெரியுது. பச்சை விழுந்திருக்கு, இவன் எதுக்கு நிக்கறான்னு சத்தமாவே சொன்னேன். எதிர்ல ஒரு பொண்ணு, மடில குழந்தை. 'சிவப்புங்க அது'ன்னா."

மேசை மேலிருந்த தூரிகையை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"முன்னாடி சரக்கு வண்டி நின்னுச்சு. நான் இருந்திருந்தா போயிருப்பேன். சந்தேகமே பட்டிருக்க மாட்டேன்."

நான் பக்கத்தில் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பெரிய சாலையைக் கடக்க வேண்டும். ஓரத்தில் ஜனங்களோடு நின்றோம். எதிரே கம்பத்தில் விளக்கு மாறியது. அவர் அதை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து என் கையைப் பிடித்தார்.

"இப்பப் போலாமா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, நில்லுங்க" என்றேன்.