நான் கையெழுத்திட்ட மணல்

எங்கள் வார்டு மேம்பாட்டுத் திட்டத்தின் வரைபடத்தைச் சமூகக் கூடத்துச் சுவரில் ஒட்டிய அன்று, நான் முதலில் பார்த்தது அளவுகள் சரியா என்பதைத்தான். சரியாகவே இருந்தன. தெருவின் இரண்டு வளைவுகளும் பழைய தண்ணீர்த் தொட்டியும்கூட இருந்தன. தெருவின் கடல் பக்க முனையில் உள்ள மணல்வெளிக்குப் பச்சை நிறம் அடித்து, 'பயன்பாடற்ற காலி இடம்: பூங்கா, வாகன நிறுத்தம்' என்று எழுதியிருந்தார்கள்.

அந்த மணலில்தான் எதிர்வீட்டுப் பெண் பதினாறு வருடமாகக் கருவாடு காயப்போட்டாள். கடலுக்குப் போன கணவன் திரும்பாமல் போன பிறகு, இரண்டு மகள்களையும் அதில்தான் படிக்கவைத்தாள். வேறு பிழைப்பு கிடையாது.

அது எப்படிக் காலி இடமானது என்பது என் நாட்குறிப்பில் இருக்கிறது. கள ஆய்வுக்கு அதிகாரிகள் வருவதாக ஒரு திங்கட்கிழமை மாலை தகவல் வந்தது. தெரு நலச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வெளியாட்கள் வந்தால் எங்கள் கரையில் முதலில் கருவாட்டை உள்ளே எடுப்பார்கள். பெண் பார்க்க வந்தாலும் சரி, மறைமாவட்டத்து ஆயர் வந்தாலும் சரி. நானும் அந்தப் பழக்கப்படியே அவளிடம் போனேன்.

"பெரிய ஆபீசர்மார் வாராவ. நாளைக்கு மட்டும் இத எடுத்திரும்மா. மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கக் கூடாதுல்லா."

"நெத்திலி ஈரமா கெடக்கே அண்ணாச்சி."

"ஒரு நாள்தான."

தார்ப்பாய்களைச் சுருட்டியதோடு அவள் நிற்கவில்லை, மணலையும் பெருக்கிவிட்டாள். பாதி நெத்திலி புழுத்துப்போனது. அதை அவள் சொல்லவில்லை. குப்பைத்தொட்டியில் நானே பார்த்தேன்.

மறுநாள் ஒன்பது இருபதுக்கு வந்தார்கள். படம் எடுத்தார்கள். 'ஆய்வின்போது எவ்விதப் பயன்பாடும் காணப்படவில்லை' என்று எழுதிய படிவத்தை ஓர் அதிகாரி என்னிடம் நீட்டினார். இரண்டு முறை படித்தேன். பொய் எதுவும் இல்லை. 'ஆய்வின்போது' என்று கவனமாகப் போட்டிருந்ததை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். சாட்சியாகக் கையெழுத்திட்டு, கீழே நேரத்தையும் குறித்தேன். யாரும் கேட்காமலே.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அதே அதிகாரிதான் வரைபடத்தை விளக்கினார். வயதான படகோட்டி ஒருவர் எழுந்தார்.

"ஏன் சார், இதுல கடல எங்கன போட்டிருக்கிய?"

அதிகாரி நீல நிறத்தைத் தொட்டுக் காட்டினார்.

"நல்லவேள, அதையும் காலி இடம்னு எழுதாம விட்டியளே."

கூடம் சிரித்து ஓய்ந்ததும் அவள் எழுந்தாள். "சார், அது காலி இடம் இல்ல. நான் கருவாடு காயப்போடுத எடம்."

அதிகாரி மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். விளக்குமாற்றுக் கோடுகள் தெரியும் வெறும் மணல். "உங்க செயலாளரே கையெழுத்து போட்டிருக்காரும்மா."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து, எடுக்கச் சொன்னது நான்தான் என்று கிழமையோடு, நேரத்தோடு சொன்னேன். அதிகாரி மரியாதையாகவே கேட்டுவிட்டு, "எழுத்துமூலமா குடுங்க சார்" என்றார்.

"அண்ணாச்சிக்கு எழுதச் சொல்லியா குடுக்கணும்!" என்று பின்வரிசையில் ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு.

வெளியே வந்ததும் அவள் என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்: "காயப்போட்டிருந்தா, மூக்கப் பொத்திக்கிட்டாவது பாத்திருப்பாவல்லா அண்ணாச்சி."

மூன்று பக்கம் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். பதில் நான்கு வரியில் வந்தது. ஆய்வைச் சாட்சியாக இருந்து உறுதிசெய்தவரே பின்னர் மறுப்பது ஏற்கத்தக்கதல்ல என்றது. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

மணலைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். அவள் இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போகிறாள். கம்பெனி வேன் காலை ஆறு மணிக்கு என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். அது கிளம்பிப் போகும் சத்தம் கேட்ட பிறகே நான் கதவைத் திறக்கிறேன்.