அரை நிமிடம் முந்தி வரும் கைதட்டல்

எங்கள் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவே இருப்பது நாலரை அங்குலச் சுவர். மண்ணூர்பேட்டையில் அப்பா கட்டிய ஒரே வீட்டை இரண்டாக்கிக்கொண்டபோது கூடத்தின் குறுக்கே எழுப்பியது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். நாலு வருடமாகப் பேச்சு இல்லாததால் தும்மல் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

தப்பு என்னுடையது. இதை ஒப்புக்கொள்ளவே எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது. மகள் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் தாம்பூலத் தட்டோடு போய்ப் பத்திரிகை வைத்தேன். அண்ணனுக்கு மட்டும் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அழைப்பவர்கள் பெயரில் முதல் பெயரே அவருடையதுதான். அழைக்கிறவரையே யாராவது போய் அழைப்பார்களா என்று நினைத்தேன். அவரோ முதல் பத்திரிகை தன் வாசலுக்கு வரும் என்று காத்திருந்திருக்கிறார். மண்டபத்துக்கு வந்தார், நாலாவது வரிசையில் அயலார் மாதிரி உட்கார்ந்தார், சாப்பிட்டார், போய்விட்டார். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம். இந்த வீம்பு எதற்கு என்று நானும் முறுக்கிக்கொண்டேன்.

நம் அணி ஆஸ்திரேலியாவுக்குச் சுற்றுப்பயணம் போனால் இங்கே விடியற்காலையிலேயே ஆட்டம் தொடங்கிவிடும். முன்பெல்லாம் அண்ணனும் நானும் ஒரே போர்வையைப் பங்குபோட்டுக்கொண்டு பார்ப்போம். இருவருக்கும் கல்யாணமான பிறகும் அப்படித்தான். அண்ணிக்கும் என் மனைவிக்கும் நாங்கள் அந்த ஒன்றரை மாதம் எதற்கும் உதவமாட்டோம் என்று தெரியும்.

பேச்சு நின்ற பிறகு வந்த சுற்றுப்பயணத்தில் அவர் சத்தத்தைக் குறைத்துவைத்து டிவியில் பார்த்தார்; நான் சுவரோரம் உட்கார்ந்து கைபேசியில் பார்த்தேன். கைபேசியில் வருவது டிவியைவிட அரை நிமிடம் பிந்தும். பவுண்டரி என்றால் அந்தப் பக்கம் ஒரு கைதட்டல். நம் விக்கெட் என்றால் தொடையில் ஓங்கி ஓர் அடி, "சே" என்று ஒரு சலிப்பு. அதற்கப்புறம்தான் என் திரையில் அந்தப் பந்து வரும்.

"டிவி சும்மாதான கீது? இன்னாத்துக்கு அந்த சின்ன போன்ல பாத்துகினு கீற? மேட்ச் பாக்குறியா, செவுத்த பாக்குறியா?" என்பாள் மனைவி.

அவளுக்குத் தெரியும். டிவியைப் போட்டால் அந்தச் சத்தத்தில் அண்ணன் குரல் அமுங்கிவிடும். எனக்கு அவர் குரல் வேண்டியிருந்தது.

அந்தச் சுற்றுப்பயணத்தின் கடைசி டெஸ்ட், நாலாம் நாள். தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு விக்கெட் விழுந்தது. சுவருக்கு அப்பால் சத்தமே இல்லை. சரி, பல் தேய்க்கப் போயிருப்பார். இன்னொன்று விழுந்தது. அப்போதும் இல்லை. போன வருடம் அவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததையே எனக்குப் பால்காரர்தான் சொன்னார். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? கட்டியிருந்த லுங்கியோடு, கையில் கைபேசியோடு ஓடிப்போய் அவர் கதவைத் தட்டினேன்.

அவரேதான் திறந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தினி போயிடுச்சு?"

"ஆறு."

"கேபிள் பொட்டி வேல செய்யல" என்று சொல்லிவிட்டு வழிவிட்டார்.

கைபேசியை ஒரு சொம்பின் மேல் சாய்த்துவைத்துப் பார்த்தோம். திரை சின்னது என்பதால் தோளோடு தோள் ஒட்டி உட்கார வேண்டியிருந்தது. அவர் முடி எல்லாம் நரைத்துவிட்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு வயதாவதைக்கூட நான் பார்க்கவில்லை. அண்ணி காபி கொண்டுவந்து வைத்து, "குடிப்பா" என்றார்.

"ண்ணா, அன்னிக்கு நான் நேர்ல வந்து..."

"பேசாதடா. பந்து போடுறான்."

ஆட்டத்துக்காகச் சொன்னாரா, என்னை நிறுத்தச் சொன்னாரா, தெரியவில்லை. மதியம் ஆட்டம் நின்றதும் எழுந்தேன். வாசல் வரை வந்தார்.

"நாளைக்கும் ஆட்டம் கீது இல்ல?"

"கீது ண்ணா."

"கேபிள்காரன் சாயங்காலம் வரேன்னுகீறான்."

நாளைக்கு நீ வரத் தேவையில்லை என்கிறார் என்று புரிந்துகொண்டேன். சுருங்கிப்போய் வீட்டுக்கு வந்தேன். சோறு இறங்கவில்லை. நாளைக்கு ஒரு நாள் கிடைத்தால் போதும், முதல் பந்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன் என்று மனம் அடித்துக்கொண்டது. சாயங்காலம் தெருமுனையில் போய் நின்றேன். கேபிள்காரர் வண்டியில் வந்ததும் கைகாட்டி நிறுத்தி, ஐம்பத்துமூன்று வயதில் கூசாமல் ஒரு பொய் சொன்னேன்.

"அண்ணன் ஊட்டுக்கா போறீங்க? ஊட்ல யாரும் இல்ல. நாளன்னிக்கு வாங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நான் அங்க போவல அண்ணாத்தே, வேற ஊட்டுக்குப் போறேன். உங்க அண்ணன் மத்தியானமே போன் போட்டு வராதன்னுட்டாரு. மேட்ச் முடியிற வரைக்கும் பொட்டி அப்படியே கெடக்கட்டும், தம்பி போன் எத்துகினு வருவான்னாரு."

வண்டி போய்விட்டது. நாலு வருடம் கழித்து அண்ணன் என்னைத் தம்பி என்று சொல்லியிருக்கிறார். தெரு என்றுகூடப் பார்க்காமல் அங்கேயே நின்று அழுதேன்.