மணப்பாறை ரோட்டில் லைட்டை அணைத்தபோது

டக்... டக்...

அம்பாசிடர் ஓட்டியவர்களுக்கு இந்தச் சத்தம் தெரியும். கிளட்சுக்கு இடது பக்கம் தரையில் ஒரு இரும்புக் குமிழ் இருக்கும். காலால் ஒரு மிதி மிதித்தால் லைட் டிம் ஆகும், இன்னொரு மிதியில் பிரைட். எதிரே வண்டி வந்தால் பழகிய டிரைவருக்கு இடது கால் தானாகவே அதைத் தேடிப் போகும். ஹெட்லைட் கண்ணாடியின் நடுவில் கறுப்புப் பெயிண்டில் பொட்டு வைத்த மாதிரி ஒரு வட்டம் வேறு. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் ரோடு பாதிதான் தெரியும்... மீதிப் பாதியை நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் பழகிய டிரைவர் இல்லை. லைசென்ஸ் வாங்கி நான்கே மாதம். தில்லை நகரில் ஒரு மருந்து ஏஜென்சியில் வேலை, வீடு ஸ்ரீரங்கம். முதலாளியின் அம்பாசிடரை அவ்வப்போது ஓட்டுவேன். காவிரிப் பாலம், சத்திரம், தில்லை நகர்... அவ்வளவுதான் என் உலகம். அங்கேதான் தெருவிளக்கு இருக்கிறதே, டிம் என்ன, பிரைட் என்ன?

மனைவி செல்வி முதல் பிரசவத்துக்கு மணப்பாறையில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பார்த்துவிட்டு வரலாம் என்று முதலாளியிடம் காரைக் கேட்டு வாங்கிப் போன அன்றைக்கே, சாயங்காலம் வலி எடுத்துவிட்டது. உள்ளூர் டாக்டர் வயிற்றில் ஸ்டெத் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. குழந்தையின் துடிப்பு குறைகிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது, உடனே திருச்சிக்குக் கொண்டு போங்கள் என்றார்.

பின் சீட்டில் மாமியார், அவர் மடியில் தலை வைத்து செல்வி. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருச்சி ரோட்டில் விட்டேன்.

அப்போதுதான் இருட்டு இறங்கியிருந்தது. ஊரைத் தாண்டியதும் பார்க்கிறேன்... ரோடு முழுக்கக் கண்கள். பச்சையாக, ஜோடி ஜோடியாக மிதந்து வருகின்றன.

மறுநாள் மணப்பாறைச் சந்தை. சுற்றுப்பட்டு மாடெல்லாம் நடந்தே வரும். அந்த ரோட்டில் ஓட்டுகிறவர்கள் சந்தைக்கு முதல் நாள் மாட்டைக் கண்டால் டிம் போட்டு ஒதுங்கி நிற்பார்கள். ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நான் பிரைட்டைப் போட்டேன். ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

மாடுகள் அப்படியே நின்றுவிட்டன. நான் அழுத்த அழுத்த, மிரண்டு ரோட்டுக்குக் குறுக்கே நெருக்கியடித்துக்கொண்டன. பின்னால் செல்வியின் முனகல். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

வெளிச்சத்துக்கு அந்தப் பக்கமிருந்து, மாடு ஓட்டி வந்த ஒரு ஆள் குரல் கொடுத்தார்.

"அண்ணே... லைட்ட அணைச்சிருங்க. அதுங்களுக்குக் கண்ணு கூசுது. எங்க கால் வைக்கிறதுன்னு தெரியாம நிக்குதுங்க."

உள்ளே பிரசவ வலி, அவசரம் என்று கத்தினேன்.

"அதுக்குத்தாண்ணே சொல்றேன். முழுசா அணைங்க."

அணைத்தேன். எஞ்சினையும்.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்ல வானம் தெரிந்தது, புளியமரங்கள் தெரிந்தன... மாடுகள் நகர ஆரம்பித்தன. குளம்புச் சத்தம், கழுத்து மணி, புஸ்ஸென்று மூச்சு. காருக்கு இரண்டு பக்கமும் வாய்க்கால் தண்ணீர் மாதிரி பிரிந்து போய்க்கொண்டே இருந்தன. ஒன்று கதவை உரசிக்கொண்டு போனது, கார் லேசாக ஆடியது. வைக்கோலும் சாணமும் கலந்த ஒரு வெதுவெதுப்பான வாசனை. எதிரே ஒரு லாரி வந்தது. தூரத்திலேயே டிம் போட்டு, ஓரம் கட்டி, அதுவும் அணைத்துவிட்டு நின்றது. ஹாரன் இல்லை, வசவு இல்லை. திரும்பிப் பார்த்தால் செல்வி மெதுவாக எழுந்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியிருக்கிறாள். போகிற மாடுகளின் முதுகெல்லாம் அவள் விரலில் பட்டுக்கொண்டு போகிறது... முனகல்கூட நின்றிருந்தது.

அந்த இரண்டு மூன்று நிமிடத்தை எத்தனையோ தடவை கனவில் பார்த்திருக்கிறேன்.

கடைசி மாடு போனதும் அந்தக் குரல் என் ஜன்னல் பக்கத்தில் கேட்டது.

"பின்னாடி இன்னும் ரெண்டு மந்தை வருது. டிம்முலயே போங்க, தானா ஒதுங்கும். நல்லபடியா பொறக்கும்ண்ணே."

டிம்மிலேயே போனேன். அவர் சொன்ன மாதிரியே ஒதுங்கின. தில்லை நகர் ஆஸ்பத்திரியில் செல்வியை உள்ளே கொண்டுபோன அரை மணியில் மகள் பிறந்தாள். கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். அழுவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி மட்டும் எனக்கு எழுத வராது.

அந்த மகள்தான் போன வாரம் திருவானைக்காவலிலிருந்து என்னைத் தன் காரில் கூட்டி வந்தாள். ஏழு மணி இருக்கும். எதிரே வருகிறதெல்லாம் வெல்டிங் பட்டறை வெளிச்சம். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பூக்காரம்மா கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். எங்கள் லைட்தான். டிம் பண்ணும்மா என்றேன்.

"ஆட்டோமேட்டிக்ப்பா. அதுவே பாத்துக்கும்."

எதிரே கார் வந்தால்தான் அது பார்க்குமாம். நடந்து வருகிறவர்கள் கணக்கிலேயே இல்லை போலிருக்கிறது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீ எப்படிப் பிறந்தாய் தெரியுமா என்று ஆரம்பித்து, வீடு வரும்வரை முழுக்கதையையும் சொன்னேன். வழக்கமாக நான் பழைய கதை எடுத்தால் பாட்டு வைத்துவிடுகிறவள், அன்றைக்குக் கேட்டுக்கொண்டே ஓட்டினாள். காரை நிறுத்தியபிறகு கேட்டாள்.

"அவர் பாக்க எப்படிப்பா இருந்தாரு?"

"தெரியாதும்மா. லைட்டத்தான் அணைச்சிருந்தேனே."

அவருக்கும் எங்கள் முகம் தெரியாது. இதோ இவள்தான், நல்லபடியாகப் பிறந்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்ல ஆசையாக இருக்கிறது... யாரிடம் போய்ச் சொல்வது?