சைரகுல் எறங்கி நடத்துன குதிரை

கெங்கேஷுக்கு வாய் இருக்குற அளவுக்கு மூளையும் இருந்திருந்தா எங்க நரின் மலைப் பக்கத்துல பாதிக் குதிரைங்க நிம்மதியா மேஞ்சிருக்கும். இந்த அபிப்பிராயத்த சைரகுல் யாருகிட்டயும் ஒளிச்சு வச்சதே இல்ல. கெங்கேஷு அவ புருஷனுக்கு அண்ணன். எங்க பக்கம் கட்டிக்கிட்டு வந்த பொண்ணு புருஷன் வீட்டு ஆம்பளைங்க பேர வாயால சொல்லக் கூடாது, வேற ஏதாவது ஒரு பேரு வச்சுத்தான் கூப்பிடணும். மத்த மருமகளுங்க "பெரியவரு", "வீரரு"ன்னு பதவிசா ஒண்ணு வச்சுக்குவாங்க. சைரகுல் வச்ச பேரு சாட்டைக்காரரு. தலையக் குனிஞ்சு, ரொம்பப் பணிவாத்தான் சொல்லுவா. என்னன்னு சண்டைக்குப் போறது? கொஞ்ச நாள்ல ஊரே அவர அப்படித்தான் கூப்பிட்டுச்சு.

சைரகுல் புருஷன் மாஸ்கோவுல ஒரு ஹோட்டல்ல சமையல் வேலை. இங்க ஆடு, மாடு, வைக்கோல் எல்லாம் அவ ஒருத்திதான். அப்புறம் தோரு. செந்தவிட்டு நிறம், நெத்தியில வெள்ளக் கோடு. அவ அப்பா மந்தையப் பங்கு பிரிச்சப்ப அவளுக்குன்னு குடுத்த குதிரை. மலையில ஓடி வளந்தது. ஓநாய் வாடை அடிச்சாக்கூட நின்னு மோந்து பாத்துட்டுத்தான் நகரும். ஆனா ஊருக்குள்ள கூட்டிட்டு வந்தா போச்சு! கொடியில போர்வை காஞ்சா மிரளும். செவுத்துல சாத்தி வச்ச டயரப் பாத்தா நாலு காலும் நடுங்கும். அண்டா மூடி உருண்டா வேலியத் தாண்டும். பாலிதீன் பை ஒண்ணு காத்துல பறந்து வந்துச்சுன்னா மேல உக்காந்திருக்குறவங்க கதை முடிஞ்சுது.

இதுக்கு நம்ம சாட்டைக்காரரு ஒரு வைத்தியம் பண்ணாரு பாருங்க. தோருவோட வால்ல ஒரு நீலத் தார்ப்பாயக் கட்டி, ஏறி உக்காந்து, சாட்டையால விளாசி ஓட விட்டாரு. பயந்துக்கிட்டே ஓடி ஓடி பயம் தீந்துருமாம்! தோரு ஓடுச்சு. முள்ளு வேலிய மாரால பிச்சுக்கிட்டு ஓடுச்சு. அவரு வேலிக்கு இந்தப் பக்கமே விழுந்துட்டாரு. அதுக்கப்புறம் யாராவது தலையில கட்டுற துணிய ஒதறுனாக்கூட அந்தக் குதிரைக்கு வேர்த்துக் கொட்டும். அதப் பாத்து இந்த மகானுபாவன் கண்டுபிடிச்சது என்ன தெரியுமா? "கோழைக் குதிரை. அவ அப்பன் வீட்டுலேருந்து வந்தது வேற எப்படி இருக்கும்?"

மாமனார் செத்து வருஷம் நெருங்குச்சு. வருஷ விருந்துக்குக் குதிரை வெட்டாம இருக்க முடியாது, ஊரு காறித் துப்பிரும். எந்தக் குதிரைன்னு பேச வீட்டுல எல்லாரும் உக்காந்தாங்க. முடிவு சொல்லுறது மாமனாரோட தம்பி அப்திஷ்.

"தோருவ வெட்டிரலாம்"னாரு கெங்கேஷு, வாய் நெறைய எண்ணெயில பொரிச்ச போர்சோக்க அடைச்சுக்கிட்டே. "ஏறவும் ஆகாது, ஓட்டவும் ஆகாது. தொப்பை மட்டும் நல்லா வளந்திருக்கு."

"உங்களப் பத்தியா பேசுறீங்க, சாட்டைக்காரரே?"ன்னா சைரகுல், டீ ஊத்துறத நிறுத்தாம.

அப்திஷுக்கு டீ மூக்குல ஏறிருச்சு. இருமி முடிச்சுட்டு, "அது கெடக்கட்டும் மருமகளே. அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. வேலைக்காகாதத வச்சு என்ன பண்ணப் போற?"ன்னாரு.

"வேலைக்காகும், சின்ன மாமா. கோடை மேய்ச்சல் முடிஞ்சு மலையிலேருந்து எறங்குனதும் அத்-பாஷி சந்தைக்கு இத ஓட்டிட்டு வரேன். இந்த வாசல்ல நொழஞ்சு அந்த வாசல்ல வெளிய வரேன். என்னத் தள்ளிட்டு ஓடுச்சுன்னா அத வேக வைக்க நானே அண்டா கழுவித் தரேன்."

"தள்ளலன்னா?"

"சாட்டைக்காரரு வீட்டுல ஒரு பெட்டைக் குதிரை கொழுத்துப் போயி நிக்குதே!"

கெங்கேஷு சிரிச்சாரு பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. "ஆகட்டும் சித்தப்பா! என் பெட்டையே! எழுதிக்கூடக் குடுக்குறேன்!"

சைரகுல் சிரிக்கல. அந்தக் குதிரை போச்சுன்னா அவளுக்கு எல்லாம் போச்சு. மேய்ச்சலுக்குப் போக, வைக்கோல் ஏத்த, ஆடு தேட, ஒவ்வொண்ணுக்கும் கெங்கேஷு வாசல்ல போயி நின்னு "ஒரு குதிரை குடுங்க"ன்னு கேக்கணும். அவரு பல்லக் குத்திக்கிட்டே யோசிக்கிறத அவ பாத்துக்கிட்டு நிக்கணும். அதவிட அந்த அண்டாவுக்குள்ள அவளே எறங்கிரலாம்.

எங்க ஆளுங்களுக்கு ஒரு பெரும உண்டு. குதிரை மிரண்டா எறங்கக் கூடாது. எறங்குனா மானம் போச்சு, அவன் ஆம்பளையே இல்ல. மேல இருந்துக்கிட்டே கடிவாளத்த இழுத்து, தொடைய இறுக்கி, சாட்டையால ரெண்டு வச்சு, எதப் பாத்து மிரளுதோ அது மேலயே முட்ட விடணும். குதிரை இதுலேருந்து என்ன படிக்கும்? நீலமா ஏதாவது தெரிஞ்சா முதுகுல அடி விழும்னு படிக்கும். அப்புறம் மிரளாம என்ன பண்ணும்? பொறந்ததுலேருந்து குதிரை மேலயே கெடக்குற மனுசங்களுக்கு இது தோணல பாருங்க!

சைரகுல் எறங்குனா. நெசமாச் சொல்லப் போனா அவ பண்ணது அவ்வளவுதான்.

மலை மேச்சல்ல கூடாரத்துக்குப் பின்னாடி தார்ப்பாய விரிச்சு வச்சுட்டு, கயித்தப் புடிச்சுத் தோருவ நடத்திட்டு வந்தா. ரொம்ப தூரத்துலயே அது நின்னுருச்சு. காது ரெண்டும் குத்தி நிக்குது, மூச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு. அவ இழுக்கல. கயித்தத் தொளதொளன்னு விட்டுட்டு அதோட பக்கத்துலயே நின்னா.

"நல்லாப் பாத்துக்கோ. இது தார்ப்பாய். காலும் இல்ல, பல்லும் இல்ல. நம்ம சாட்டைக்காரரு மாதிரி, சத்தம் மட்டுந்தான்."

நின்னுக்கிட்டே இருந்தாங்க ரெண்டு பேரும். கொஞ்ச நேரத்துல தோருவோட தலை கீழ எறங்குச்சு. உதட்ட நக்குச்சு. பெருசா ஒரு மூச்சு விட்டுச்சு. உடனே அவ திரும்பிக் கூட்டிட்டுப் போயிட்டா. அன்னைக்கு அது போதும். மறுநாள் இன்னும் கொஞ்சம் கிட்ட.

பக்கத்துக் கூடாரத்து ஆம்பளைங்களுக்கு இது நல்ல பொழுதுபோக்காப் போச்சு. புளிச்ச குதிரைப்பால், அதான் குமிஸ், அந்தக் கிண்ணத்தோட வந்து உக்காந்துக்குவாங்க.

"சைரகுல், குதிரை மேல ஏறுறது எப்படின்னு மறந்துபோச்சா?"

"உங்களுக்கு எறங்குறது எப்படின்னு தெரியாதில்ல, அதக் கத்துக் குடுக்குறேன்."

ஒரு நாளு அந்தத் தார்ப்பாய வைக்கோல் மூடுறதுக்குத் தரதரன்னு இழுத்துட்டுப் போறா. திரும்பிப் பாத்தா தோரு பின்னாடியே வருது! கழுத்த நீட்டி, மூக்க விடைச்சு, பூனை மாதிரி மெதுவா. அவளுக்கு அங்கயே பொறி தட்டுச்சு. கிட்ட வர்ற பொருளுதான அதுக்குப் பயம்? வெலகிப் போறதப் பாத்தா என்னதான் அதுன்னு பாக்கத் தோணுது. அன்னையிலேருந்து அவ எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு முன்னாடி நடப்பா. தகர டப்பா, டயரு, குச்சியில கட்டுன பாலிதீன் பை. தோரு பின்னாடி தொரத்தும். எட்டிப் புடிச்சு மூக்கால இடிச்சுட்டா போதும், அப்புறம் அந்தப் பொருள் மேல அதுக்கு ஒரு எளக்காரம் வந்துரும். எசமானியோட அதே புத்தி!

எல்லாம் நல்லாப் போயிட்டு இருக்கும்போது இவளுக்கு அவசரம் வந்துச்சு. நாள் கிட்ட வருதேன்னு ஒரு மத்தியானம் தார்ப்பாய எடுத்துத் திடீர்னு அது முதுகுல போட்டுட்டா. தோரு கயித்த அத்துக்கிட்டு மலை முகட்டத் தாண்டிப் போயிருச்சு. தேடிக் கண்டுபுடிச்சப்ப ஒரு பாறைச் சந்துல நின்னு நடுங்கிட்டு இருக்கு. இவளப் பாத்து ரெண்டடி பின்னால வச்சுது. சைரகுல் ஊர்ல யாரையும் விட்டு வச்சதில்ல, தன்னையும் விடல. "நீயும் சாட்டைக்காரிதான்டி. சாட்டை இல்லாத சாட்டைக்காரி. தூ!" அப்படியே உக்காந்துட்டா. அது தானா வந்து அவ தோள மோந்து பாக்குற வரைக்கும் எந்திரிக்கல. மறுபடியும் மொதல்லேருந்து, தூரத்துலேருந்து ஆரம்பிச்சா.

இலையெல்லாம் மஞ்சளானதும் மந்தைங்க கீழ எறங்குச்சு. சந்தை நாளு. வாசல்ல அப்திஷ் நிக்குறாரு. அவரு பக்கத்துல கெங்கேஷு, புதுத் தொப்பி போட்டுக்கிட்டு, விருந்து இப்பவே ஆரம்பிச்சுட்ட மாதிரி. இன்னும் ஒரு கும்பல், எல்லாம் வேலவெட்டி இல்லாததுங்க.

சைரகுல் ஏறி உக்காந்து உள்ள விட்டா. ஆட்டு லாரிங்க, சாக்கு மூட்டைங்க, கடைக்குக் கடை படபடன்னு அடிக்குற தார்ப்பாய். தோரு காத இப்படியும் அப்படியும் திருப்புச்சு, ஆனா நடந்துச்சு. பாதிச் சந்தை தாண்டியாச்சு, அப்திஷும் கும்பலும் பின்னாடியே வர்றாங்க. அப்ப வந்தான் பலூன்காரன். வெள்ளி வெள்ளியா, மீன் மாதிரி, கரடி மாதிரி, வெயில்ல பளபளன்னு ஆடுது. இதை அவளே யோசிக்கல! தோரு கல்லா நின்னுருச்சு. உடம்பு பூரா நடுக்கம் ஏறுறது அவ தொடையில தெரியுது.

அவ எறங்கிட்டா.

கும்பல் ஊளையிட்டுச்சு. "எறங்கிட்டா! எறங்கிட்டா!" கெங்கேஷு குதிக்குறாரு. "சித்தப்பா, முடிஞ்சுது! அண்டாவ வையுங்க!"

"தள்ளுச்சான்னுதான் பேச்சு. எறங்குனாளான்னு இல்ல. வாய மூடு"ன்னாரு அப்திஷ்.

சைரகுல் யாரையும் பாக்கல. "அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கமா நடங்க"ன்னு பலூன்காரன்கிட்ட சொன்னா. அவன் நடந்தான். பலூன் வெலகிப் போச்சு. தோரு பாத்துச்சு, பாத்துச்சு, ஒரு அடி எடுத்து வச்சுது. இன்னொண்ணு. தலை எறங்குச்சு, மூச்சு வந்துச்சு. அவ ஏறி உக்காந்தா.

இங்கதான் நம்ம சாட்டைக்காரரு தாங்க முடியாம ஒரு காரியம் பண்ணாரு. பக்கத்துக் கடையிலேருந்து ஒரு தார்ப்பாய உருவி, குறுக்க பூந்து, குதிரை மூஞ்சிக்கு நேரா படார்னு ஒதறுனாரு. ஒரு பொம்பள மேல உக்காந்திருக்கா, கீழ கல்லுத் தரை. இப்படியும் ஒரு சென்மம்!

தோரு பக்கவாட்டுல ஒரே தாவு. சைரகுல் பிடரிய அள்ளிப் புடிச்சா, விழல. குதிரை திரும்பி நின்னுச்சு. பாத்துச்சு. அவ்வளவு பெரிய உருவம் தம்பக்கம் திரும்புனதும் சாட்டைக்காரரு தார்ப்பாயோட பின்னாடி ஒரு எட்டு வச்சாரு. தோரு முன்னாடி ஒரு எட்டு வச்சுது. அவரு ரெண்டு வச்சாரு, அது ரெண்டு வச்சுது. வெலகிப் போற தார்ப்பாயத் தொரத்துறதுதான அதோட வேல!

"அதப் புடி! இந்தச் சனியனப் புடி சைரகுல்!"

"தார்ப்பாயக் கீழ போடுங்க சாட்டைக்காரரே, உங்க மேல அதுக்கு ஒண்ணும் ஆசை இல்ல!"

அந்த மனுசனுக்கு அது தோணினாத்தான? கைய விட்டுப் போடாம ஓடி, தர்பூசணிக் குவியல் மேல மல்லாக்க விழுந்தாரு. தோரு குனிஞ்சு தார்ப்பாய மூக்கால ஒரு இடி இடிச்சுது. பாத்தாச்சுன்னு திரும்பி, அந்த வாசல்ல நடந்து வெளிய போயிருச்சு. சைரகுல் கண்ணு ரெண்டும் கலங்கி, எதிர்ல வந்த ரோடு தெரியல.

வருஷ விருந்துல வெந்தது கெங்கேஷோட பெட்டை. நல்ல கொழுப்பு, எல்லாரும் விரலச் சப்பிச் சாப்பிட்டாங்க. ஊளையிட்ட அதே ஆளுங்க "அந்தக் குதிரை நல்ல வம்சம், நாங்க அப்பவே சொன்னோம்"னு பேசிக்கிட்டாங்க. சைரகுல் தட்டு வச்சுக்கிட்டே அதக் கேட்டா. அவங்களுக்கு ஒரு பதில் சொல்ற மரியாதையக்கூட அவ குடுக்கல.

பனி விழ ஆரம்பிச்சதும் கெங்கேஷு பொண்டாட்டி ஜயில் வந்தா, கைய சால்வையில சுத்திக்கிட்டு.

"சைரகுல், எங்க சாம்பக் குதிரை பாலத்தத் தாண்ட மாட்டேங்குதுடி. அடிச்சா பின்னாடியே போவுது. அவருக்குக் கேக்க வெக்கம். நீ கொஞ்சம்..."

அந்தச் சாம்பக் குதிரையோட முதுகுத் தழும்பு சைரகுலுக்குத் தெரியும்.

"குதிரைய அனுப்புங்கக்கா"ன்னா. "அவர அனுப்பாதீங்க."