கறுத்துப்போன ரசீதுகள்

தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’ என்று எழுதியது நாங்கள் இல்லை. பேங்கில் கணக்குத் தொடங்கப் போன அன்று, கையோடு ஒரு மருத்துவ இன்சூரன்சும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, டை கட்டிய ஒரு ஆள் மடமடவென்று பாரத்தை நிரப்பினார். என்ன வேலை என்று கேட்டார். பட்டாசுக் கம்பெனி என்றார் என் வீட்டுக்காரர். “கூலிதானே” என்று எழுதிக்கொண்டார் அந்த ஆள். என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார். வாரச் சம்பளம் வாங்குகிறவர் அதை எப்படி மறுப்பார்?

வருசா வருசம் கணக்கிலிருந்து இன்சூரன்ஸ் பணம் தானாகப் போனது. கேட்காமலே போகிற பணம். அது போனதே ஒரு தைரியமாக இருந்தது.

பிறகு ஒரு கார்த்திகையில் அவருக்கு நெஞ்சில் சீழ் கட்டி, மதுரை ஆஸ்பத்திரியில் ஆபரேசன் ஆயிற்று. பட்டாசுக்குள் மருந்து செலுத்துகிற அறையில் இருபது வருசம் உட்கார்ந்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் காது மடலிலும் கண்ணிமையிலும் அலுமினியப் பொடி வெள்ளியாக மினுங்கும். எம்புட்டுத் தேய்த்தாலும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் மிச்சம் இருக்கும். டாக்டர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இனி பொடி வேலை ஆகாது” என்றார். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த கடிதமும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது, வேறு மாதிரி. ஆபத்தான தொழிலை மறைத்துப் பாலிசி எடுத்ததால் பணம் கிடையாதாம். கொடுத்த அசல் தாள்களை எல்லாம் ஒரு பழுப்புக் கவரில் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணம் பட்டாசுக் கம்பெனி கொடுத்த அட்வான்ஸ். போர்மேன் பேசி வாங்கிக் கொடுத்தது. அட்வான்ஸ் கழிகிற வரைக்கும் வேறு எங்கும் போக முடியாது. கம்பெனிக்கு அவருடைய கை மருந்து அறையில்தான் தேவை. அங்கேதான் கூலியும் கூட. ஆக, எந்த அறை அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதோ, ஆஸ்பத்திரிக் கடனுக்காக அதே அறைக்குத் திரும்பிப் போனார். தையல் பிரித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு போனார். இன்சூரன்ஸ் பணம் வந்தால் அவர் வெளியே வருவார். வராவிட்டால் வரமாட்டார். எனக்கு அந்தப் பணம் என்றால் இவ்வளவுதான் அர்த்தம்.

எங்கள் தெருவில் ஒரு தொழிற்சங்கத்து அண்ணன் இருக்கிறார். தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதி ஓய்ந்தவர். அவரிடம் கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தார்.

“ஏம்மா, நாரணாபுரத்துலயும் இதே கடுதாசி நாலு பேருக்கு வந்திருக்கு. சாத்தூர்லயும் வந்திருக்கு. எல்லாப் பாரத்துலயும் கூலி, எல்லாம் ஒரே கையெழுத்து. அம்புட்டுப் பேரும் ஒண்ணா உக்காந்தா மறைச்சோம்?”

அம்புட்டுப் பேரையும் சேர்த்து நுகர்வோர் கோர்ட்டில் ஒரே வழக்காகப் போட்டார்கள். ஒரு பஸ் கொள்ளாத ஆட்கள். அண்ணன் ஒவ்வொருத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார்: கேஸ் எத்தனை வருசம் இழுக்குமோ தெரியாது, அசலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் என்றால் எங்கள் ஊரில் ஒன்றுதான். லேமினேசன். நான் வேலை பார்ப்பது காலண்டர் அச்சகத்தில், லேமினேசன் பிரிவில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெசின் சும்மா இருக்கும்போது யாராவது ஒரு தாளோடு வந்து நிற்பார்கள். சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் சீட்டு, ரேஷன் கார்டு, இறந்துபோன மாமனாரின் போட்டோ. ஒருத்தி பிள்ளையின் தடுப்பூசி அட்டையைக்கூடப் போட்டு வாங்கிப் போனாள். தண்ணி படாது, கரையான் அரிக்காது. சூடாக வெளியே வரும் தாளைக் கையில் வாங்கும்போது ஒரு நிம்மதி. இனி இதற்கு எதுவும் ஆகாது.

டிஸ்சார்ஜ் தாளை முதலில் மெசினுக்குள் விட்டேன். கண்ணாடி மாதிரி வந்தது. ஆபரேசன் பில், ரூம் பில், எல்லாம் நல்லபடி. அடுத்து மருந்துக்கடை ரசீதுகள். வழவழவென்று நீளநீளமாக இருக்குமே, அந்தத் தாள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரசீதும் அதே தாள்தான். எட்டு எட்டாக அடுக்கி, கோணாமல் நேர்பார்த்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மெசினுக்குள் தள்ளினேன். அந்தப் பக்கம் கறுப்பாக வந்தது.

அழுக்கில்லை, மை ஒழுகவில்லை. தாள் முழுக்க ஓரத்திலிருந்து ஓரம் வரை கறுப்பு. எழுத்து இருந்த இடம், இல்லாத இடம், எல்லாம் ஒரே கறுப்பு. கூட வேலை பார்க்கிறவள் எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா, அமாவாசையை அடிச்சு எடுத்திருக்கீக.”

பிறகுதான் தெரிந்தது, அந்தத் தாளில் மை கிடையாதாம். சூட்டில்தான் எழுத்தே வருமாம். கடையில் ஊசி முனை அளவு சூடு. நான் கொடுத்தது மொத்தச் சூடு. பதினைந்து வருசமாக ஆர்ட் பேப்பரும் மேப்லித்தோவும் தடவிப் பார்த்தே எத்தனை கிராம் என்று சொல்கிற கைக்கு இது தெரியவில்லை. நான்கு உறை போட்ட பிறகுதான் நிறுத்தினேன் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் உறை கறுத்ததும் மெசின் கோளாறு என்று நினைத்து, சூட்டைக் குறைத்து இன்னும் மூன்று போட்டுப் பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் கையை நானே கடிக்கலாம் போலிருக்கிறது.

வீட்டுக்காரரிடம் மூன்று நாள் சொல்லவில்லை. சொன்னபோது அவர் உறையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “கேசு ஜெயிச்சாப் பாத்துக்கிடலாம்” என்று பீரோவுக்குள் வைத்தார்.

கேஸ் ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. சமரசம் ஆயிற்று. தப்பு என்று இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்புக்கொள்ளாது. ஆனால் பட்டியலில் இருக்கிறவர்கள் குறிப்பிட்ட நாளுக்குள் பாரம் கொடுத்தால், அசல் பில்லைப் பார்த்து, அதில் ஒரு பங்கு தரும். விருதுநகரில் ஒரு மாடியில் தற்காலிக ஆபீஸ் போட்டிருந்தார்கள். நோயாளி நேரில் வர வேண்டும் என்பது விதி.

கீழே மிளகாய் வத்தல் குடோன். நெஞ்சில் ஆபரேசன் ஆனவர்களை வரச்சொல்ல இதைவிட நல்ல இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. படியில் நின்ற வரிசை முழுக்க இருமியது. ஒருத்தர் தொடங்கினால் மேல்படி வரை போய்த் திரும்பி வரும். சாத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, “இருமுறவுகளுக்கு மட்டுந்தேன் துட்டுன்னு சொல்லியிருந்தா வீட்டுல இருந்தே இருமிட்டு வந்திருப்பேன்” என்றாள். என் வீட்டுக்காரர் சிரித்து, சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முதல் நாள் கேன்சல் செய்த செக் கேட்டார்கள். எங்களிடம் பாஸ்புக் உண்டு, செக் கிடையாது. குறுக்கே கோடு அடித்துக் கொடுக்கப்போகிற ஒரே ஒரு செக்குக்காக, செக் புத்தகம் கேட்டு பேங்கில் எழுதிக் கொடுத்துப் பதினைந்து நாள் காத்திருந்தோம். இரண்டாம் முறை ஆதாரில் ஒரு இனிசியல், டிஸ்சார்ஜ் தாளில் இரண்டு இனிசியல். அதற்கு நோட்டரி. ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு நாள் சம்பளம் போனது, அவருக்கும் போனது. போர்மேன் முகம் மாறியது.

மூன்றாம் முறை மேசை வரைக்கும் போனோம். மேசையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா, சென்னைப் பேச்சு. டிஸ்சார்ஜ் தாளைத் திருப்பினார். சரிபார்த்த அசலின் பின்பக்கம் சீல் குத்த வேண்டும். குத்தினார். பிளாஸ்டிக்கில் மை குளமாக நின்றது. விரல் பட்டதும் வழித்துக்கொண்டு போனது. இன்னொரு முறை குத்தினார், ஊதினார், அதுவும் நிற்கவில்லை.

“யாரும்மா இதைப் போய் லேமினேட் பண்ணது?”

“நான்தான்.”

“இன்னிக்கு மட்டும் ஒம்போது பேரும்மா. இந்த ஊர்ல எல்லாருமே இப்படித்தானா?”

பின்னால் நின்ற அந்த சாத்தூர் அம்மா தன் பையை மெதுவாக மூடிக்கொண்டாள்.

பிறகு கறுத்த உறைகளை வைத்தேன். மூக்குக்கண்ணாடி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். கேட்டார். கேலி செய்யவில்லை. “நான் நம்பறேம்மா. ஆனா இதுல தொகை எங்கம்மா இருக்கு?”

“நீங்கதானே இதையெல்லாம் முதல்ல வாங்கிப் பார்த்துட்டுத் திருப்பி அனுப்பினீக. உங்ககிட்ட நகல் இருக்கும்ல?”

“அப்போ பார்த்தது வேற ஏஜென்சி. அவங்க காண்ட்ராக்ட் முடிஞ்சுடுச்சு. இது வேற.”

“கம்பெனி ஒண்ணுதானே.”

“கம்பெனி ஒண்ணுதாம்மா” என்று அவரும் ஒப்புக்கொண்டார். உறைகளை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மதுரைக்குப் போனேன். ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் கம்ப்யூட்டர் மாற்றிவிட்டார்களாம், பழைய கணக்கு இதில் ஏறவில்லையாம். பரிசோதனைக்கூடத்தில் இருந்தது. நகல் எடுத்தும் கொடுத்தார்கள். அதன் நெற்றியில் ‘நகல்’ என்று கொட்டை எழுத்தில் அச்சாகி வந்தது. அந்த வார்த்தை இல்லாமல் தர முடியாதா என்று கேட்டேன். கம்ப்யூட்டர் விடாதாம். நகல் இருந்த பையில் கை வைத்துக்கொண்டு, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வெயிலில், யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் நின்றேன். டை கட்டிய ஆளிடமா, தாளைக் கண்டுபிடித்தவனிடமா, என் கையிடமா. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். கதவை ஒருத்தரும் சாத்தவில்லை. திறந்த கதவுக்குப் பின்னால் இன்னொரு மேசை, அவ்வளவுதான்.

சீலுக்கு மட்டும் நானே வழி பார்த்தேன். வேஸ்ட் தாள்களை லேமினேட் செய்து, இஸ்திரிப்பெட்டிச் சூட்டில் பின்பக்கப் படலத்தை மட்டும் உரித்துப் பழகினேன். அதிகச் சூடு என்றால் முன்பக்கமும் வரும், குறைந்தால் தாள் கிழியும். பதினோராவது தாளில் கை பிடிபட்டது. டிஸ்சார்ஜ் தாளையும் பில்களையும் அப்படி உரித்தேன். தெருவில் இன்னும் ஆறு பேருக்கு உரித்துக் கொடுத்தேன். சாத்தூர் அம்மா தன் பையோடு பஸ் ஏறி வந்து, ஒரு பொட்டலம் சேவு வைத்துவிட்டுப் போனாள். நான்காம் முறை சீல் பதிந்தது. கறுத்ததற்கு ஒரு மனு எழுதி, நகல்களையும் சேர்த்து வைத்தேன். மூக்குக்கண்ணாடி அம்மா வாங்கிக்கொண்டார்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிந்த வாரம் போனில் மெசேஜ் வந்தது. வாசிக்க முடிந்த பில்லுக்கு மட்டும் பங்கு. நகல் கணக்கில் வராது, மேற்கொண்டு கடிதப் போக்குவரத்தும் கிடையாது. வந்தது, கூலியில் கழிந்தது போக மிச்சமிருந்த அட்வான்சில் பாதியைத் தாண்டிக் கொஞ்சம். கறுக்காமல் இருந்திருந்தால் முழுசும் அடைந்திருக்கும். கணக்குப் போடாமல் இருக்க முயன்றேன். பஸ்ஸில் போகும்போதெல்லாம் மனசு தானாகப் போட்டது.

பணத்தை எடுத்துக்கொண்டு நானும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். பொம்பளை வந்து பேசினால் மரியாதை இல்லையாம். “மூச்சு இல்லாம மரியாதையை வச்சு என்ன செய்யப் போறீக?” என்று கேட்டுவிட்டேன். அவர் எனக்கு நாலடி முன்னால் நடந்தார்.

போர்மேன் பணத்தை எண்ணி, நோட்டில் கழித்துக்கொண்டார்.

“பாதிக்கு மேல வந்திருச்சு, சந்தோசம். மிச்சம் இருக்கும்போது ஆளை விட முடியாதுக்கா. மொதலாளி என்னையத்தான் கேப்பாரு.”

“விட வேண்டாம். மருந்து ரூம்ல இருந்து மட்டும் எடுத்து விடுங்க.”

“கிப்ட் பாக்ஸ் அடுக்குற இடம்தான் இருக்கு. அங்கன பூராம் பொம்பளையாளுக. கூலியும் பாதி. அப்பறம் எப்பக் கழியும்?”

“கழியுறப்பக் கழியட்டும்.”

போர்மேன் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். “ஆடி வரைக்கும் இருக்கட்டும்” என்றார் போர்மேன். “ஆடி பதினெட்டுக்குத் தீபாவளி ஆர்டர் ஏறும். அப்பக் கூப்பிட்டா மருந்து ரூமுக்கு வரணும், சொல்லிட்டேன்.”

முதல் நாள் பெட்டி அடுக்கப் போனவரை அங்கிருந்த பெண்கள் சும்மா விடவில்லை. “வாங்கண்ணே, பூ வச்சுட்டு வந்திருக்கலாம்ல” என்றாளாம் ஒருத்தி. “மத்தாப்புக்கு மேல புஸ்வாணத்தை வைக்காதீக, நசுங்கும். ஒங்க வீட்டுல அடுக்குப்பானையே பாத்ததில்லையா?” என்றாளாம் இன்னொருத்தி. வந்து அவரே சொன்னார், சிரிக்காமல். அவர்கள் நூறு அடுக்குகிற நேரத்தில் இவருக்கு அறுபது ஆகவில்லையாம். வாரக்கடைசியில் சம்பளக் கவரை என்னிடம் நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரொம்ப மெலிந்த கவர்.

இருமல் குறைந்திருக்கிறது. நிற்கவில்லை. நான் அச்சகத்தில் ஓவர்டைம் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஆடிக்குள் மிச்சத்தை அடைத்துவிடலாமா என்றால், முடியாது. ஒவ்வொரு காலண்டராக என் கை வழியாகத்தான் போகிறது. ஆடி மாசத் தாளை எத்தனை ஆயிரம் தடவை பார்ப்பது.

நேற்றுச் சாயங்காலம் சங்கத்து அண்ணனிடம் போனேன். சமரசத்தை மீறிக் கேட்க வழி உண்டா என்றேன். கையெழுத்துப் போட்டாச்சேம்மா என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, கோர்ட்டுக்கே ஒரு மனுப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் நாளாகும் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன்.

“ஆடி தாண்டும்” என்றார்.

போடுங்கண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அவர் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை மடியில் வைத்து, தீப்பெட்டிகளை அடுக்கிக் கலைத்து, அடுக்கிக் கலைத்து வேகம் பழகிக்கொண்டிருந்தார்.